கூண்டு ஏறுமுன்

நம் மன்றத்தின் ஆண்டுச் சுற்றுலா இம்முறை இராமேசுவரத்திற்கு என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. டிசம்பர்த் திங்களில், தேர்வு முடிந்த மறுவாரம், முப்பது பேர் நான்கு நாள் சென்று வருவதாகத் திட்டம். அறிவிப்புப் பலகையில் ஒட்டியுள்ள தாளில் திருக்கோயில் இருக்கிறது. பாம்பன் பாலம் இருக்கிறது. அப்துல் கலாம் நினைவிடம் இருக்கிறது. தனுசுக்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை செல்வதும் இருக்கிறது. கட்டணம் எவ்வளவு, போர்வை கொண்டு வர வேண்டுமா, விடுதியில் வெந்நீர் உண்டா என்பனவெல்லாம் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் காணோம். நாம் அந்தத் தீவில் இருக்கும்போது வங்கக் கடலில் புயல் ஒன்று எழுந்தால் என்ன செய்வது?

இதைச் செயற்குழு நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது வாயை வைக்கிறீரே!" என்றார். பக்கத்தில் நின்ற இன்னொருவர், "வந்தால் வரட்டுமே, அலை பார்க்க நன்றாயிருக்கும்" என்றார். முன்னவர் சொன்னதைச் சிரித்து மறந்துவிட்டேன். பின்னவர் சொன்னதை மறக்க முடியவில்லை. இக்கட்டுரை பெரும்பாலும் அவருக்காகவே எழுதப்படுகிறது.

சுற்றுலா வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. டிசம்பரில் கடற்கரைப் பக்கமே தலைகாட்டக் கூடாதென்றால் இராமேசுவரத்துத் தானி ஓட்டுநரும், சங்கு விற்பவரும், இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாளும் அந்தத் திங்களில் எதை உண்பார்கள்? யாத்திரிகரை நம்பி வாழ்கின்ற ஊர் அது. போகத்தான் வேண்டும். ஆனால் தீவு ஒன்றுக்கு விருந்தினராகச் செல்வோருக்குச் சில கடமைகள் உண்டு. அவற்றை அறியாமல் செல்வது, நீச்சல் தெரியாமல் கிணற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

தனுசுக்கோடி என்ற பெயரை அறியாதவர் நம்முள் இல்லை. ஆனால் அங்கே நடந்தது இன்னதென்று கேட்டால், "புயலில் அழிந்த ஊர்" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறோம். சற்று விரிவாகவே பார்ப்போம்.

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன் பின்னர் ஐம்பது ஆண்டுக் காலம் தனுசுக்கோடி தமிழகத்தின் வாயில்களுள் ஒன்றாக விளங்கிற்று. சென்னையில் 'போட் மெயில்' ஏறியவர் தனுசுக்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, அங்கே மீண்டும் புகைவண்டி ஏறிக் கொழும்பு போய்ச் சேரலாம். புகைவண்டி நிலையம், சுங்கச் சாவடி, அஞ்சல் நிலையம், பள்ளிக்கூடம், மாதா கோயில் என எல்லாம் இருந்த ஊர். வடக்கே பாக் நீரிணைப் பக்கம். தெற்கே மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் அங்குள்ள மக்கள் அழைப்பார்கள். இரண்டிற்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. அத்திட்டின் மேல்தான் ஊர்.

1964 டிசம்பர் 17ஆம் நாள் அந்தமானுக்குத் தெற்கே தாழ்வு நிலை ஒன்று தோன்றிற்று. நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகை அளவே வடக்கில், அதாவது புயல்கள் வழக்கமாகப் பிறக்காத இடத்தில், அது பிறந்தது. 19ஆம் நாள் கடும் புயலாயிற்று. பின்னர் மேற்கு நோக்கி நேர்கோடு கிழித்தாற்போல் வந்தது. 22ஆம் நாள் இலங்கையில் வவுனியாவைக் கடந்தது. அன்றிரவே தனுசுக்கோடியில் ஏறிற்று. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் என்று மதிப்பிட்டார்கள். கடல் ஏழு மீட்டர் உயரத்துக்கு எழுந்து வந்ததாகக் கூறுவர். அந்தத் திட்டில் அவ்வளவு உயரமான மேடு எங்கே இருக்கிறது? ஓடி ஏற ஒரு குன்றுமில்லை. இந்தியாவிலும் இலங்கையிலுமாக ஏறத்தாழ 1,800 பேர் மாண்டனர்.

அந்த இரவில் பாம்பனிலிருந்து தனுசுக்கோடிக்குப் பயணிகள் வண்டி ஒன்று புறப்பட்டது. 653ஆம் எண் வண்டி. நிலையத்தை எட்டுவதற்குச் சற்று முன்னர்க் கடல் அதன்மேல் ஏறிற்று. வண்டியில் இருந்தோர் 115 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களுள் பலர் அவ்வூர்க்காரர் அல்லர். நம்மைப் போல் வந்தவர்கள், போகிறவர்கள். பயணச்சீட்டு வாங்கினார்கள், வண்டி புறப்பட்டது, ஏறினார்கள். வண்டி புறப்படுகிறதென்றால் வழி நலமாக இருக்கிறது என்றுதானே எந்தப் பயணியும் எண்ணுவான்? நம் நண்பர் முப்பது பேரும் அப்படித்தான் எண்ணுவார்கள். நானும் அப்படித்தான் எண்ணுவேன்.

புயல் ஒன்று இருக்கிறது என்பது அன்று வானிலை நிலையத்தாருக்குத் தெரியாத செய்தியன்று. ஐந்து நாளாகக் கடலில் உலவிய புயல் அது. எனினும் இந்தியக் கடற்கரையில் புயலைக் கண்காணிக்கும் ரேடார் அக்காலத்தில் ஒன்றுகூட இல்லை. முதலாவது ரேடார் 1970இல்தான் விசாகப்பட்டினத்தில் அமைந்தது. அதையும் மன்னித்துவிடலாம். இராமேசுவரத்துக்கும் தனுசுக்கோடிக்கும் இடையே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். பல நூறு மைல் தொலைவில் பிறந்த புயலைப் பற்றிய செய்தி, அந்தக் கடைசி இருபது கிலோமீட்டரைக் கடந்து, உயிரைக் காக்கும் அளவுக்கு உரியவர் காதில் ஏறவில்லை. தந்திக் கம்பி அறுந்த பின்னர் அங்கு என்ன நடக்கிறதென்று இங்கே தெரியவில்லை. இங்கே தெரிந்தது அங்கே தெரியவில்லை. இதுவே என் வழக்கின் முதற்சான்று.

பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் இரும்புச் சட்டங்களைக் கடல் கொண்டு போயிற்று. கப்பலுக்கு வழிவிடும் நடுப்பகுதி மட்டும் தப்பி நின்றது. பாலத்தைச் செப்பனிடும் பொறுப்பை ஏற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் வேலையை முடித்துக் கொடுத்தார். பிற்காலத்தில் தில்லி மெட்ரோவைக் கட்டியவரும் அவரே. பொறியியல் மாணவர்கள் இக்கதையை மேடைதோறும் சொல்லிப் பெருமை கொள்கிறார்கள், கொள்ளட்டும். 46 நாளில் பாலம் எழுந்துவிட்டது. தனுசுக்கோடி மட்டும் அறுபது ஆண்டு கடந்தும் எழவில்லை. மக்கள் வாழத் தகாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. மணலைக் கையால் தோண்டி ஊற்று நீர் எடுக்கிறார்கள். அரிச்சல்முனைக்குச் செல்லும் நம் வண்டி அவர்கள் குடிசைகளைக் கடந்துதான் போகும்.

இன்னொரு செய்தி. அந்த நாளில் இராமேசுவரத்தில் அகப்பட்டுக் கொண்ட வெளியூரார்களுள் நடிகர் ஜெமினி கணேசனும் நடிகையர் திலகம் சாவித்திரியும் இருந்தனர். புகழோ பொருளோ புயலின் முன் செல்லாது என்பதற்கு இதைக் காட்டுவோர் உண்டு. எனக்குத் தோன்றுவது வேறு: வெளியூரிலிருந்து வந்தவர் எவராயிருந்தாலும், பாலம் போன பிறகு, கோயில் மண்டபத்தில் உள்ளூராரோடு உள்ளூராராய் ஒதுங்கி, அவர்கள் வைத்திருந்த அரிசியையும் அவர்கள் சேமித்த நீரையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். விருந்தினர் என்ற பெயர் அன்றோடு போயிற்று.

இனி, ஒரு தீவின் வாயில் எப்போது மூடுகிறது என்பதைக் கவனியுங்கள். பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டி போகக் கூடாது, கைகாட்டி சிவப்பாகிவிடும். நம் வானிலைத் துறையின் இலக்கணப்படி ஒரு தாழ்வு மண்டலம் 'புயல்' என்ற பெயரைப் பெறுவதற்கே காற்று 62 கிலோமீட்டரை எட்ட வேண்டும். ஆகவே, பாலத்தின் மேல் வீசும் காற்றுக்குப் புயல் என்ற பட்டம் கிடைப்பதற்கு முன்னமே இரயில் நின்றுவிடும்! 2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டிருக்கிறது; அழகிய பாலந்தான்; ஆயினும் பெருங்காற்றில் அதன் மேலும் வண்டி ஓடாது. 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் ஒன்று உண்டு. தீவின் மக்கள் அனைவருக்கும், யாத்திரிகர் அனைவருக்கும், நோயாளர் வண்டிக்கும், அரிசி மூட்டைக்கும், மீட்புப் படைக்கும் அந்த ஒரே சாலைதான். "புயல் கிட்ட வந்தால் புறப்பட்டுவிடலாம்" என்று எண்ணிக் கொண்டிருப்பவர், கதவு சாத்தியபின் செருப்பைத் தேடுகிறவர்.

தீவு மக்கள் புயலுக்கு ஆயத்தமாகும் முறையைப் பார்த்தால் இது நன்கு விளங்கும். அவர்களுக்கு வேலை மிகுதி. நாட்டுப் படகுகளைக் கரையேற்றி மேட்டில் கட்ட வேண்டும். விசைப் படகுகளைக் காற்றுப் படாத பக்கத்திற்குக் கொண்டுபோய், ஒன்றோடொன்று மோதாமல் நங்கூரமிட வேண்டும். வலையை மூட்டை கட்ட வேண்டும். ஓலைக் கூரைக்கு மேல் கயிறு போட்டு இறுக்க வேண்டும். குடத்திலும் பானையிலும் நீர் நிரப்ப வேண்டும், ஏனெனில் கடல் ஏறி இறங்கினால் ஊற்றும் கிணறும் உப்பாகிவிடும். ஆட்டை அவிழ்த்துவிட வேண்டும். பிறகுதான் கிழவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கோ மண்டபத்துக்கோ போவது. அப்போதும் வீட்டுக்காரன் ஒருவன் படகின் பக்கத்திலேயே நிற்பான். "ஏன் ஐயா, உயிரை விடப் படகா பெரிது?" என்று நாம் கேட்போம். கடன் வாங்கி வாங்கிய படகு. அது போனால் மிஞ்சுவது கடன் மட்டுமே. அவன் நிற்பது அறியாமையால் என்று எழுதும் நகரத்துப் பத்திரிகையாளர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. படகுக்கு ஈடு கிடைக்கும் என்ற உறுதி இருந்தால் அவனும் வருவான்.

நமக்கு அப்படி என்ன இருக்கிறது? ஒரு தோள்பை. புயலுக்கு ஆயத்தம் என்று நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: முதலில் புறப்படுவது. உள்ளூரார் வண்டி தேடும் நேரத்திற்கு முன்னரே, காவலர் ஒலிபெருக்கி எடுப்பதற்கு முன்னரே, இடத்தைக் காலி செய்வது. நாம் இருந்தால் மண்டபத்தில் முப்பது இடம் போகும், முப்பது பேர் உணவு போகும், "ஐதராபாத்து மாணவர்கள் எங்கே?" என்று தேடக் காவலர் இருவர் போவர். அந்த இருவர் வேறு எவரையோ காப்பாற்றியிருக்கக் கூடும்.

நாம் படிக்கும் இந்த ஆந்திர, தெலங்கானப் பகுதி மக்களுக்கு இப்பாடம் நம்மைவிட நன்றாகத் தெரியும். 1977 நவம்பர் 19ஆம் நாள் கிருட்டிணை ஆற்றின் கழிமுகத்தில் புயல் ஒன்று கரையேறிற்று. ஆற்றின் இரு கிளைகளுக்கும் கடலுக்கும் இடையே தீவாகக் கிடக்கும் திவி சீமையில், அவனிகட்டாவைச் சுற்றிய ஊர்களில், ஐந்து மீட்டர் உயரத்துக்குக் கடல் உள்ளே வந்தது. அரசாங்கக் கணக்கிலேயே ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மடிந்தனர். உங்கள் விடுதியில் அப்பக்கத்து நண்பர் எவரேனும் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் 'உப்பெனா' என்ற சொல்லை எப்படிச் சொல்வார்கள் என்பதைக் கேளுங்கள். கடல் பொங்கி ஊருக்குள் வருவதற்குத் தெலுங்கில் அப்படி ஒரு சொல் இருக்கிறது. அண்மையில் அது ஒரு திரைப்படத்துக்கும் பெயராயிற்று.

பதின்மூன்று ஆண்டு கழித்து, 1990 மே 9ஆம் நாள், அதே கடற்கரையில், அதே அளவு வலிமையுள்ள புயல் ஏறியது. இம்முறை இறந்தவர் ஆயிரத்துக்கும் குறைவு. கடல் இரக்கம் கொள்ளவில்லை, காற்றும் குறையவில்லை. முன்கூட்டியே இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களை அப்புறப்படுத்தியிருந்தார்கள். புயல் காப்பகங்கள் கட்டியிருந்தார்கள். ஒரிசாவிலும் அவ்வாறே. 1999இல் ஏறத்தாழப் பத்தாயிரம் பேரைப் பறிகொடுத்த மாநிலம், 2013இல் பைலின் புயலின்போது பத்து இலட்சம் பேரை அளவில் இடம் மாற்றிற்று. மாண்டவர் சில பதின்மரே.

கீழ்த்திசையில் இன்னும் பெரிய பாடம் உண்டு. 1970 நவம்பர் 12ஆம் நாள் இரவு, இன்றைய வங்காள தேசத்தின் போலா தீவையும் அதனையடுத்த தீவுகளையும் தாக்கிய புயலில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஏழை நாடு அதன் பிறகு என்ன செய்தது? ஊர்தோறும் தொண்டர்களைச் சேர்த்தது. அவர்களிடம் ஒலிபெருக்கியும் கொடியும் கொடுத்தது. ஒரு கொடி ஏறினால் விழித்திரு. இரண்டு கொடி ஏறினால் மூட்டை கட்டு. மூன்று கொடி ஏறினால் காப்பகத்துக்குப் போ. இவ்வளவுதான் பாடத்திட்டம். எழுத்தறியாதவரும் எண்ணிப் பார்க்கலாம். தொடக்கத்திலேயே எல்லாம் சரியாகிவிடவில்லை. 1991இல் மீண்டும் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். அவர்களுள் பெண்களே மிகுதி. ஆடவர் கூட்டத்தில் போய்த் தங்கப் பெண்கள் தயங்கினார்கள். வீட்டுக்காரர் வரட்டும் என்று காத்திருந்தார்கள். இன்று அத்தொண்டர்களில் பாதிப்பேர் பெண்கள். பெண் வந்து கதவைத் தட்டினால் பெண் புறப்படுகிறாள். நம் மன்றச் சுற்றுலாவிலும் மாணவியர் வருகிறார்கள் என்பதைச் செயற்குழுவுக்கு நினைவூட்டுகிறேன்.

மூன்று கொடி முறையை நம் துறைமுகக் கூண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "பாம்பனில் மூன்றாம் எண் புயற்கூண்டு ஏற்றம்" என்று செய்தித்தாளில் படிக்கிறோம். மூன்று என்றால் என்ன? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒன்றும் இரண்டும் புயல் தொலைவில் கடலில் இருப்பதைக் குறிக்கும். மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே மோசமான காற்று வரக்கூடும் என்பதைச் சொல்லும். ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை துறைமுகத்துக்கு அபாயம். எட்டு முதல் பத்து வரை பேரபாயம். இவற்றினும் கொடியது பதினொன்று: வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள வேற்றுமை அபாயத்தின் அளவில் இல்லை. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில் இருக்கிறது. இது மாலுமிகளுக்காக வகுத்த மொழி. 1864இல் கல்கத்தாவைப் புயல் அழித்த பிறகு, அடுத்த ஆண்டு அங்கே தொடங்கிய வழக்கம் இது. கப்பல் ஓட்டுகிறவர்க்கு இது போதும். விடுதி அறையில் படுத்திருக்கும் யாத்திரிகருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. கூண்டைப் பார்த்துப் புறப்படலாம் என்றிருப்பது, காய்ச்சல் கணக்கை மருத்துவர் எழுதும் கிறுக்கலில் படித்து அறிவதைப் போன்றது.

நம் ஐதராபாத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறதே என்பீர்கள். 1908 செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆறு பெருகி இந்நகரில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. உஸ்மானியா மருத்துவமனை வளாகத்துப் புளிய மரம் ஒன்றில் ஏறிப் பிழைத்தவர் ஏறத்தாழ நூற்றைம்பது பேர். அந்த வெள்ளத்துக்குப் பின்னரே விசுவேசுவரய்யா வந்தார். உஸ்மான் சாகரும் இமாயத் சாகரும் தோன்றின. 2020 அக்டோபர் 13ஆம் நாள் காக்கிநாடா அருகே கரையேறிய தாழ்வு மண்டலம் அன்றிரவே இந்நகரில் கொட்டிய மழையைப் பலர் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். வங்கக் கடல் நாம் நினைக்கிற அளவு தொலைவில் இல்லை.

மேலும், இந்தியப் பெருங்கடலின் செய்தியெல்லாம் வந்து சேரும் இடமே நம் நகரத்தில்தான் இருக்கிறது. பிரகதி நகரில், இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் என்பது அதன் பெயர். இன்காய்ஸ் என்று சுருக்கி வழங்குவர். 1999இல் தொடங்கியது. 2004 சுனாமிக்குப் பிறகு, 2007 முதல் சுனாமி எச்சரிக்கை இங்கிருந்தே போகிறது. எந்தக் கடற்கரையில் அலை எவ்வளவு உயரும், புயல் வந்தால் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வரும், மீன் எங்கே கிடைக்கும் என்பவற்றையெல்லாம் இங்கே கணித்து அனுப்புகிறார்கள். 2017இல் ஒக்கிப் புயல் வந்தபோது குமரி மாவட்டத்து மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். கரையிலிருந்து கைப்பேசிச் செய்தி எட்டாத தொலைவு. அக்குறையைத் தீர்க்க 2019இல் சிறு கருவி ஒன்று வெளிவந்தது. செயற்கைக்கோள் வழியாக இன்காய்ஸ் அனுப்பும் செய்தி அக்கருவிக்கு வரும். அதிலிருந்து மீனவரின் கைப்பேசிக்கு வரும். அதன் பெயர் ஜெமினி! இராமேசுவரத்தில் அகப்பட்டவரின் பெயரே இதற்கும் வாய்த்தது தற்செயல்தான். செய்தி ஒருவழிதான் போகும். மீனவர் மறுமொழி சொல்ல முடியாது என்ற குறை அதற்குண்டு.

செய்தி கிடைத்தும் பயன்படாத கதையும் உண்டு. அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஆயினும் நம் வயதினர் கதை ஆகையால் சொல்கிறேன். காற்றும் மழையும் இல்லாமல், வானம் வெளுத்திருக்கும்போதே, தொலைவிலுள்ள தென்கடலில் எழுந்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து நம் கரையில் திடீரென ஏறுவதுண்டு. கேரளத்து மீனவர் இதைக் 'கள்ளக்கடல்' என்பர். கள்ளனைப் போல் சொல்லாமல் வருவது. 2024 மே மாதத்தில் இன்காய்ஸ் அந்த எச்சரிக்கையை விடுத்திருந்தது. மே 6ஆம் நாள் குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே கடற்கரைக்குச் சென்ற வெளியூர் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். ஒரு திருமணத்திற்காக வந்திருந்தவர்கள். ஐதராபாத்திலிருந்து சென்ற செய்தி குமரி வரை போயிற்று. அந்த ஐவரிடம் போகவில்லை. தனுசுக்கோடியில் 1964இல் கம்பி அறுந்திருந்தது. இப்போது கம்பியே தேவையில்லை; ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசி இருக்கிறது. ஆனாலும் கடைசி இருபது கிலோமீட்டர் கடக்கப்படாமலே கிடக்கிறது.

அதற்கு ஒரு காரணம் மொழி என்பது என் கருத்து. "ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்", "தீவிரப் புயலாக வலுப்பெற்று", "தரைக்காற்று மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில்" என்று வானொலியில் படிக்கிறார்கள். இலக்கணப்படி பிழையில்லாத தமிழ்தான். பாம்பன் மீனவருக்கோ வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயருண்டு. கடலின் ஓட்டத்துக்கு நீவாடு என்ற சொல் உண்டு. "வாடை முறுகி அடிக்கும், நடுவில் காற்று ஓய்ந்தால் ஏமாறாதே, எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்ப அடிக்கும்" என்று சொன்னால் அவருக்கு உடனே விளங்கும். புயலின் கண் கடக்கும்போது உண்டாகும் அமைதியில் வெளியே வந்து மடிந்தவர் உலகெங்கும் உண்டு. அதை விளக்கக் கலைச்சொல் எதற்கு?

கொல்வது பெரும்பாலும் கடலேற்றமே. காற்று அதற்கு அடுத்தபடிதான். பாக் நீரிணை ஆழமற்ற கடல். தள்ளி வந்த நீர் கீழே இறங்க இடமின்றி மேலே எழுகிறது. இந்தக் கடலேற்றத்துக்குத் தமிழில் இன்னும் நிலைத்த பெயரில்லை. தெலுங்கர் 'உப்பெனா' என்று ஒரே சொல்லில் முடிக்க, நாம் "புயல் எழுச்சி" என்கிறோம், "அலை எழுச்சி" என்கிறோம், "கடல் சீற்றம்" என்கிறோம். கடல் சீற்றம் என்று கேட்ட நம் நண்பருக்கு, 'அலை பார்க்க நன்றாயிருக்கும்' என்றுதானே தோன்றும்? மீட்டர்க் கணக்கும் அப்படியே. "இரண்டு மீட்டர்" என்றால் காதில் நுழைந்து வெளியே போகும். "கடல் உன் வீட்டுக்குள் வந்து தலைக்கு மேல் நிற்கும்" என்றால் எவரும் எழுந்து நிற்பார். முழங்கால், இடுப்பு, கழுத்து, தலைக்கு மேல் என்று நான்கு அளவு போதுமே! தமிழும் அறிவியலும் கற்கும் மாணவர் நூற்றுக்கணக்கில் இருக்கிறோம். கடற்செய்தி பிறக்கும் நகரத்திலேயே இருக்கிறோம். ஆண்டுக்கொரு கவியரங்கம், ஆண்டுக்கொரு பட்டிமன்றம் நடத்துகிறோம். கம்பனுக்கு மாதம் ஒரு முறை தீர்ப்பு வழங்குகிறோம். பிரகதி நகருக்கு ஒரு நாள் போய், "ஐயா, உங்கள் எச்சரிக்கைகளைத் தமிழ்க் கடற்கரை எப்படிக் கேட்கிறது என்று நாங்கள் அறிந்து வந்து சொல்லட்டுமா?" என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நாம் போகும் நான்கு நாளிலா புயல் வரப்போகிறது?" என்பார் செயற்குழுவார். வராமற்போகலாம். ஆனால் 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலையருகே ஏறி, மன்னார் வளைகுடாவிற்கு வந்து, இராமநாதபுரத்துக்கு அருகில் நகராமல் நின்றதே! வலிமை குன்றி நின்றது; அது தீவின் நல்லூழ். வடகிழக்குப் பருவக் காலத்தில் டிசம்பருக்கு இது புதிதன்று.

ஆகையால் செயற்குழுவிடம் நான் கேட்பவை சிலவே. பயணச்சீட்டை ஒருநாள் முன்பின் மாற்றத்தக்கதாக வாங்குங்கள். அதனால் கூடும் செலவை நிகழ்ச்சி நிதியிலிருந்து எடுங்கள். மாலைக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கிய தொகையே போதும் என்பது என் கணக்கு. வானிலைத் துறை தென்தமிழகக் கடற்கரைக்குப் புயல் கவனிப்பு அறிவித்தவுடன், அஃதாவது கரையேறுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னரே, தீவைவிட்டு மதுரைக்கு வந்துவிடுவது என்று இப்போதே தீர்மானம் எழுதி வையுங்கள். அங்கே போய் வாக்கெடுப்பு நடத்த வேண்டாம். முப்பது பேரில் இருபது பேர் அலை பார்க்கவே வாக்களிப்பார்கள். நாளும் காலையில் இன்காய்ஸ் அறிக்கையைப் படித்துச் சொல்ல ஒருவரை, இயன்றால் மாணவி ஒருவரை, நியமியுங்கள். அரிச்சல்முனைக்குச் செல்லும் அன்று, அங்கே குடியிருக்கும் மீனவர் ஒருவரிடம் "இன்றைக்குக் கடல் எப்படி, அண்ணாச்சி?" என்று கேட்டபின் தண்ணீரில் கால் வையுங்கள்.

சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்க இம்மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. நான் கொடுத்துவிட்டேன். தீர்மானம் பொதுக்குழுவுக்கு வரும்போது எதிர்த்துப் பேச விரும்பும் நண்பர், குறிப்பாக அந்த அலை விரும்பி, அடுத்த இதழில் எழுதுவாராக. மறுமொழி தர நான் காத்திருக்கிறேன்.